முப்பத்தேழு கடைக்கு ஒரு போணி

முன்னொரு காலத்தில், செம்பு தன்னை வெறும் செம்பு என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களெல்லாம் முடிந்துபோன ஒரு காலத்தில், செண்டலங்கார பூபதி என்றொரு மன்னர் இருந்தார். நல்லவர். சாப்பாட்டுப் பிரியர். கோபம் வந்தால் சீக்கிரம் போய்விடும். ஆசை வந்தால் மட்டும் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகும்.

ஒருநாள் கடல் தாண்டி வந்த வணிகன் ஒருவன் சபையில் கும்பிட்டு நின்றான். கொண்டுவந்த பட்டையும் பன்னீரையும் காட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி சொன்னான்.

"எங்கள் பக்கம் செம்பு விலை ஏறிக் கிடக்கிறது, மகாராஜா. தங்கள் நாட்டுச் செப்புக்காசு ஒன்றை உருக்கிக் கட்டியாக்கினால் அங்கே இரண்டு காசுக்குப் போகும்."

மன்னர் ஒரு காசை வரவழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் முகம் இருந்தது. முகம் போட்ட காசைவிட முகத்தை அழித்த காசுக்கு மதிப்பு அதிகம் என்பதில் அவருக்கு ஒரு கணம் வருத்தம். மறுகணம் ஆசை.

"உருக்கிவிடலாமா?" என்று கேட்டார்.

பொக்கிஷ அதிகாரி தாண்டவராயர் முன்னால் வந்தார். "அவசரம் வேண்டாம், பிரபு. இன்று இரண்டுக்குப் போவது அடுத்த மாதம் மூன்றுக்குப் போகும். அதுவரை சேர்த்து வைப்போம்."

அன்றிலிருந்து வரி என்றால் செப்புக்காசாக மட்டுமே கட்ட வேண்டும்; சம்பளம் என்றால் நெல்லாக மட்டுமே கொடுக்கப்படும் என்று உத்தரவு. காசு அரண்மனைக்குள் போயிற்று, வெளியே வரவில்லை. தாண்டவராயர் தினமும் காலையில் துறைமுகத்திலிருந்து விலை விசாரித்து வந்து சொல்வார். விலை ஏறியிருந்தால், "இன்னும் ஏறும் பிரபு, இப்போது விற்றால் நஷ்டம்" என்பார். இறங்கியிருந்தால், "இறங்கியிருக்கும்போது விற்றால் நஷ்டம்" என்பார். விற்பதற்கு ஏற்ற நாள் என்று ஒன்று வரவே இல்லை.

மன்னர் செய்வதை ஊர் செய்யாமல் இருக்குமா? கையில் மிச்சமிருந்த காசை அவரவர் அரிசிப்பானைக்குள் புதைத்தார்கள். ஊரில் காசே இல்லை என்று ஊரே சொன்னது. சொன்ன ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பானை மட்டும் கனமாக இருந்தது.

அந்தச் சபையில் அம்பலத்தாடி என்றொரு விகடகவி இருந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். எந்தப் பேச்சுக்கும் இமை மூடித் திறப்பதற்குள் பதில் வைத்திருப்பான் என்று பெயர். அந்தப் பெயர் அரண்மனை வாசலோடு சரி. கீழைச் சந்தையில், மோர்க்கடை வள்ளிக்கண்ணு முன்னால், அவனுக்கு நாக்கு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

ஆறு வருடமாகத் தினமும் அரண்மனைக்குப் போகும் வழியில் அவள் கடையில் நிற்பான். ஒரு காசு வைப்பான். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மோர் ஊற்றுவாள். அவன்தான் அவளுக்கு அன்றாடப் போணி. "விகடருக்குக் கைராசி. அவர் வாங்கினா பானை காலியாயிடும்" என்பாள் பக்கத்துக் கடைக்காரர்களிடம். அதைக் கேட்டுவிட்டு அவன் நாள் முழுக்க நன்றாகவே விகடம் செய்வான்.

இப்போது போணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழைச் சந்தையில் முப்பத்தேழு கடை. எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும், முகத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று தலைமுறையும் தெரியும். ஆகவே கடன் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அன்றைய முதல் வியாபாரம் மட்டும் கடனுக்கு ஆகாது. அது போணி. காசு கையில் விழ வேண்டும், கண்ணில் ஒற்ற வேண்டும். நெல் கொடுத்தாலும் ஆகாது, நெய் கொடுத்தாலும் ஆகாது. போணி ஆகாத கடையில் பெற்ற தாய் வந்து கேட்டாலும் ஒரு கறிவேப்பிலை பெயராது. போணி ஆகிவிட்டாலோ, பிறகு ஊரே கடனாக வாரிக்கொண்டு போகலாம்.

காசு நின்றது. போணி நின்றது. சந்தை நின்றது. பன்னிரண்டு நாளாக முப்பத்தேழு பேரும் விடியற்காலையில் வந்து கடையைத் திறந்து, சரக்கை அடுக்கி, தண்ணீர் தெளித்து, பொழுது சாயும்வரை முதல் காசுக்காகக் காத்திருந்து, அடுக்கிய சரக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதின்மூன்றாம் நாள் காலை அம்பலத்தாடி கடைக்கு முன்னால் வந்து நின்றான்.

"வாங்க விகடரே. காசு இருக்கா?"

"நெல் இருக்கு."

"நான் என்ன, கோழியா வளர்க்கறேன்?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் கடனாப் போணி வச்சுக்கிட்டா என்ன, வள்ளிக்கண்ணு?"

அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "அப்பா போன மறுநாளும் இங்கதான் உட்கார்ந்தேன். அன்னைக்குக்கூடக் கடன் போணி வாங்கல. இன்னைக்கு வாங்கச் சொல்றீங்க."

அவளே மறுபடி சொன்னாள், பானையின் வாயைத் துணியால் துடைத்தபடி. "தினம் ஒரு பானை மோரைக் கன்னுக்குட்டிக்கு ஊத்தறேன். அதுவே முகத்தைத் திருப்பிக்குது இப்போ. வெள்ளிக்கிழமை உப்பு வண்டி தெற்கே போகுதாம். அக்கா அங்கதான் இருக்கா, எல்லை தாண்டி. அங்க காசு நடமாடுதாம். போயிடலாம்னு இருக்கேன்."

அன்று புதன்கிழமை.

அம்பலத்தாடி வாயைத் திறந்தான். போகாதே என்று சொல்லத்தான் திறந்தான். "வண்டியில உப்பு இருக்கும், உங்கிட்ட மோர் இருக்கும், வழியெல்லாம் கவலை இல்ல" என்று சொல்லிவிட்டான்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. தன் நாக்கைத் தானே திட்டிக்கொண்டு நடந்தான்.

நடக்கும்போதுதான் கவனித்தான். இஞ்சிக்கடைக்காரர் தாடியோடு உட்கார்ந்து எதிரே இருந்த நாவிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாவிதர் வெற்றிலைக் கடையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். வெற்றிலைக்காரம்மா ஓட்டைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு குயவரைப் பார்த்தாள். யாருக்கு என்ன வேண்டுமோ அது பத்தடிக்குள் இருந்தது. எல்லாரும் எல்லாருக்காகவும் காத்திருந்தார்கள். அம்பலத்தாடி நின்றான். சந்தையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அரண்மனைக்கு வழக்கத்தைவிட வேகமாக நடந்தான்.

சபையில் மன்னர் முகம் வாடியிருந்தது.

"பதின்மூன்று நாளாக வெறும் பருப்பும் சோறும்" என்றார். "மோர்க்குழம்பு இல்லை. கூட்டு இல்லை. கேட்டால் சந்தையில் எதுவும் கிடைக்கவில்லை என்கிறான் சமையல்காரன். எனக்கு இலை நிறையச் சாப்பாடு வேண்டும். ஆனால் என் பொக்கிஷத்திலிருந்து ஒரு காசு குறையக் கூடாது. யாராவது வழி சொல்லுங்கள்."

மந்திரிகள் தரையைப் பார்த்தார்கள். தரையில் வழி இல்லை.

"பிரபு" என்றான் அம்பலத்தாடி, "அடியேனுக்கு ஒரே ஒரு காசு கொடுத்தால் இன்று மதியமே இலை நிறையும்."

"ஒரு காசா? குறையக் கூடாது என்கிறேனே."

"குறையாது, பிரபு. பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிடும்."

தாண்டவராயருக்கு அம்பலத்தாடியைப் பிடிக்காது. தான் சொல்லும் விலைக்கு மன்னர் சிரித்ததே இல்லை, இவன் சொல்லும் வெட்டிப் பேச்சுக்கு உருண்டு சிரிக்கிறார் என்பது பத்து வருட வயிற்றெரிச்சல். சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"நல்ல யோசனை, பிரபு. ஆனால் திரும்பி வருவது இதே காசாக இருக்க வேண்டும். ஊரில் வேறொரு காசைப் பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டக் கூடாது. அடையாளம் போட்டுத் தருகிறேன். இன்று சூரியன் மறைவதற்குள் இதே காசு பொக்கிஷத்துக்குள் வர வேண்டும். எடையில் ஒரு கடுகும் குறையக் கூடாது. தவறினால் விகடகவி தேசத்தை விட்டுப் போக வேண்டும்."

எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தான் அம்பலத்தாடி. தெற்கு என்றால் தோற்றுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வடக்கு எல்லை வழியாக" என்றார் தாண்டவராயர்.

ஜெயிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆயிற்று.

தாண்டவராயர் ஊசியை எடுத்து, காசில் இருந்த மன்னரின் காதோரம் ஒரு கீறல் போட்டார். மன்னர் தன் காதைத் தடவிக்கொண்டார். நிபந்தனையை ஓலையில் எழுதி, எல்லார் முன்னாலும் படித்து, முத்திரை வைத்தார்கள்.

அம்பலத்தாடி நேராகக் கீழைச் சந்தைக்கு வந்தான். வள்ளிக்கண்ணுவின் மணைமேல் காசை வைத்தான்.

அவள் அதையே பார்த்தாள். மெல்ல எடுத்தாள். கண்ணில் ஒற்றினாள். ஒற்றிய கையை உடனே எடுக்கவில்லை. அம்பலத்தாடி மோர்ப்பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான்.

"சரி, இப்போ போய் இஞ்சி வாங்கு" என்றான்.

"இஞ்சி இருக்கே."

"பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் வாங்கு. காசைக் குடுத்து வாங்கு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள். இஞ்சிக்கடைக்காரர் காசைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். கண்ணில் ஒற்றினார். மடியில் முடியப்போனார்.

"முடியாதீங்க பெரியவரே" என்றான் அம்பலத்தாடி. "உங்க தாடி உங்களையே கேலி பண்ணுது. போய்ச் சவரம் பண்ணிக்குங்க."

நாவிதருக்குப் போணி. நாவிதர் வெற்றிலை வாங்கினார். வெற்றிலைக்காரம்மா குடம் வாங்கினாள். குயவர் வைக்கோல் வாங்கினார். காசு போன இடத்திலெல்லாம் கடை கண் விழித்தது. போணி ஆன கடையில் கடன் தொடங்கியது. கடன் தொடங்கிய கடையில் சண்டை தொடங்கியது.

"என்னம்மா இது, கத்திரிக்காய் இத்தனூண்டு இருக்கு?"

"பன்னெண்டு நாளா உங்களையே நெனச்சு இளைச்சுப்போச்சு. எடுத்துட்டுப் போங்க."

பேரம் பேசும் சத்தம் கேட்டு வீட்டுக்குள் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரண்மனைச் சமையல்காரரும் கூடையோடு வந்தார். போணி ஆன கடைகளாகப் பார்த்து, கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பூசணிக்காய், வாழைத்தண்டு, தேங்காய், மோர் என்று கூடை நிறைய வாங்கிப்போனார்.

உச்சிப்பொழுது தாண்டி வெகு நேரமாயிற்று. முப்பத்தாறு கடை ஆயிற்று. மிச்சம் பாத்திரக்கடை அரியநாயகம் மட்டுமே. கயிற்றுக்கடைக்காரர் போய் ஒரு சின்னக் கரண்டி கேட்டார். அரியநாயகம் கரண்டியைக் கொடுத்தார், காசை வாங்கினார், கண்ணில் ஒற்றினார், கையை மூடினார்.

மூடிய கை திறக்கவில்லை.

செம்பு என்ன விலை என்பது ஊரில் தாண்டவராயருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் அவர். அதோடு, காலையிலேயே தாண்டவராயர் கடை வழியாக வந்து காதோடு ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது சந்தை வாசலில் வரிப்பெட்டியோடு உட்கார்ந்து, மூடிய அந்தக் கையைத் தூரத்திலிருந்து பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிப்பெட்டியும் ஒரு கதை. சந்தைக்கு நாள்வரி ஒரே ஒரு காசு. கடைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவராக, சந்தை முடியும்போது கட்டுவார்கள். வியாபாரம் நடக்காத நாளுக்கு வரி இல்லை. முன்பெல்லாம் சேவகன் ஒருவன் வாங்கிப்போவான். செம்பு ஏறிய பிறகு தாண்டவராயர் யாரையும் நம்பாமல் தானே வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு நாளாகப் பெட்டியில் ஒரு பல்லி மட்டும் குடியிருந்தது.

அரியநாயகத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது; வாசலிலிருந்து பார்த்தால் அவர் கை தெரியாமல் போயிற்று.

"அண்ணாச்சி, நாளைக்குச் சவரத்துக்கு எங்கிட்டதானே வருவீங்க?" என்றார் நாவிதர், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"உங்களுக்கு மட்டும் வெத்தலை கடன் கிடையாது" என்றாள் வெற்றிலைக்காரம்மா.

"ஊருக்கே குடுக்கறே, எனக்கு என்ன?"

"ஊர் கையைத் திறந்துச்சே!"

சொல்லச் சொல்ல அவர் கை இன்னும் இறுகியது. "என் காசு. வித்த பொருளுக்கு வந்த காசு. நான் வச்சுக்கறேன், உருக்கறேன், உங்களுக்கு என்ன?" என்றார். நியாயம்தான். சூரியன் தென்னை உயரத்துக்கு இறங்கிவிட்டது. அவன் வடக்குப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

வள்ளிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு குவளை மோர்.

"அண்ணாச்சி, காலையிலேர்ந்து வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க. குடிங்க. காசெல்லாம் வேண்டாம், சும்மா குடிங்க."

அரியநாயகம் குவளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உங்க அப்பாகிட்டயே நான் சும்மா வாங்கிக் குடிச்சதில்ல" என்றார்.

"தெரியும். இன்னைக்கு நான் தர்றேன். வெள்ளிக்கிழமை போயிட்டா யாரு தரப்போறா?"

அவர் ஒரே மூச்சில் குடித்தார். குவளையைக் கீழே வைத்தார். அப்புறம் கையைத் திறந்து, காசை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"பொழுது சாயறவரைக்கும் பிடிச்சு வச்சா ரெண்டு காசு தர்றேன்னாரு அவரு" என்று வாசல் பக்கம் தாடையைக் காட்டினார். "ரெண்டு காசை வச்சு நான் என்னத்தம்மா பண்ண? நீ போயிட்டா மோருக்கு எங்க போவேன்?"

வள்ளிக்கண்ணு திரும்பி அம்பலத்தாடியிடம் காசை நீட்டினாள். "இந்தாங்க. ஓடுங்க. பொழுது போகப்போகுது."

"அது உன் காசு. மோர் வித்த காசு."

"விளையாடாதீங்க விகடரே. ஊருக்கே தெரியும். இது திரும்பப் போகலேன்னா உங்களை வடக்கே துரத்திடுவாங்க."

"இன்னைக்கு நாள்வரி யார் முறை?"

அவள் யோசித்தாள். "என் முறை."

"வியாபாரம் நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சு."

"அப்புறம் என்ன, போய் வரியைக் கட்டு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாசலை நோக்கிப் போனாள். அம்பலத்தாடி அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, தோற்றவன் நடப்பதுபோல நடந்தான்.

தாண்டவராயரின் கண் முழுக்க அந்தக் கைகளில் இருந்தது. இரண்டும் காலி. ஒரு காசும் இல்லை. அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில் மோர்க்காரி நீட்டிய வரிக்காசைத் திரும்பியும் பாராமல் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

"என்ன விகடரே, வெறுங்கையா?"

"வெறுங்கைதான்."

"வடக்கே குளிர் அதிகம். கம்பளி எடுத்துக்கொள்ளும்."

சொல்லிவிட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சூரியன் இருக்கும்போதே பொக்கிஷத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சபைக்கு ஓடினார்.

மன்னர் நெடுநாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டிருந்தார். மோர்க்குழம்பை மூன்று முறை ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் திருப்தியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் தாண்டவராயர் ஓலையை நீட்டினார்.

"பிரபு, சாப்பாடு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு வரவில்லை. விகடகவி வெறுங்கையோடு நிற்கிறார். தாங்களே பாருங்கள்."

"அம்பலத்தாடி, காசு எங்கே?"

"எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது, பிரபு. கொண்டுவந்தவர் பொக்கிஷ அதிகாரி. இன்று மாலை வரிப்பெட்டியில் ஒரே ஒரு காசுதான் விழுந்தது. அதைத் தருவித்துப் பார்க்க வேண்டும்."

பெட்டி வந்தது. திறந்தார்கள். பல்லி ஓடியது. மூலையில் ஒரு காசு இருந்தது. மன்னரின் காதோரம் கீறல்.

தாண்டவராயரின் முகத்தில் எல்லா நிறமும் வந்து போயிற்று. ஆனாலும் விடவில்லை. "எடை! எடை பார்க்க வேண்டும்! பல கை பட்டுத் தேய்ந்திருக்கும்!"

தராசு வந்தது. ஒரு தட்டில் பொக்கிஷத்துப் புதுக்காசு, மறு தட்டில் சந்தைக்குப் போய்வந்த காசு. சந்தைக் காசு கீழே இறங்கியது.

"கூடியிருக்கிறது!" என்று கத்தினார் தாண்டவராயர். "இது இந்தக் காசே இல்லை!"

"ஒரு கடுகும் குறையக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்" என்றான் அம்பலத்தாடி. "கூடக் கூடாது என்று எழுதவில்லையே."

மன்னர் காசைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிசுபிசு என்று இருந்தது. "இதன் மேல் என்ன இது, மஞ்சளாக?"

"மளிகைக்காரம்மாவின் கை, பிரபு. வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பு, வெற்றிலைக் கடை. கன்னத்தோரம் களிமண், குயவர். மூக்கின் மேல் மட்டும் மோர்." அம்பலத்தாடி குரலைத் தாழ்த்தினான். "முப்பத்தேழு பேர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பிரபு. அதில் இருப்பது தங்கள் முகம். பொக்கிஷத்தில் அதே முகம் பன்னிரண்டு லட்சம் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று, இருட்டில். அங்கே அதை யார் ஒற்றிக்கொள்வார்கள்?"

மன்னர் காசை வெகு நேரம் பார்த்தார். கட்டைவிரலால் மூக்கின் மேல் இருந்த மோரைத் துடைத்தார். துடைத்த விரலை யாரும் பார்க்காதபோது நக்கிக்கொண்டார்.

"இன்று செம்பு என்ன விலை, தாண்டவராயரே?"

"கொஞ்சம் ஏறியிருக்கிறது, பிரபு."

"ஏறட்டும். நாளை முதல் எல்லாருக்கும் சம்பளம் காசாகப் போகட்டும். நீர் ஒரு மாதத்துக்குத் தினமும் சந்தைக்குப் போய் அரண்மனைக்கு வேண்டியதை வாங்க வேண்டும். பேரம் பேசக் கூடாது."

தாண்டவராயர் கடைசி வாக்கியத்துக்குத்தான் தள்ளாடினார்.

மன்னர் உற்சாகமாக அம்பலத்தாடி பக்கம் திரும்பினார். "உமக்கும் மரியாதை செய்ய வேண்டும். அந்த மோர்க்காரிக்கும் செய்ய வேண்டும். நாளை முதல் தினமும் காலையில் நானே வந்து அவள் கடைக்குப் போணி செய்கிறேன். என்ன சொல்கிறீர்?"

சபை ஆரவாரம் செய்தது. அம்பலத்தாடி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சபையில் அவன் பேசாமல் நின்றதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

"வேண்டாம், பிரபு" என்றான் கடைசியில்.

"என்ன?"

"வேறு என்ன வேண்டுமானாலும் தாருங்கள். ஒன்றுமே தராமலும் இருங்கள். அந்தப் போணி மட்டும்... அதை ஆறு வருடமாக அடியேன் செய்து வருகிறேன்."

மன்னர் அவனை உற்றுப் பார்த்தார். "உமக்கு மோர் என்றால் அவ்வளவு பிரியமா?"

"மோர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, பிரபு. குடித்தால் சளி பிடிக்கும்."

மன்னருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் நெற்றிக்கு இறங்கி, மூக்கில் வந்து நின்றது. அதற்கு அப்புறமும் சிரித்தார்.

மறுநாள் காலை, அதாவது வியாழக்கிழமை, அம்பலத்தாடி சம்பளக் காசோடு மோர்க்கடைக்கு வந்தான். சபையில் நடந்தது அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"மோர் ஒத்துக்காதாமே?" என்றாள் வள்ளிக்கண்ணு, தலையைத் தூக்காமல்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. ஆறு வருஷமாச் சளியைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க. கொஞ்சம் சுக்குத் தட்டிப் போடும்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்கணும்னுதான் தினமும் வருவேன்" என்றான். காசை மணைமேல் வைத்தான்.

அவள் அதை ஒரு விரலால் அவன் பக்கமே தள்ளினாள். "உங்க காசு இனிமே எனக்குப் போணி ஆகாது."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "ஏன்? கைராசி போயிடுச்சா?"

"வீட்டு ஆளு காசு எப்படிப் போணியாகும்? இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திக்கிறது அது." இப்போதும் தலையைத் தூக்கவில்லை, ஆனால் காதுமடல் சிவந்திருந்தது. "அக்காவை அந்த உப்பு வண்டி திரும்பறப்ப அதுல வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பக்கம் யாராவது வேணும்ல?"

இமை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்பவன் என்று பெயரெடுத்தவன், ஒரு கழுதை வண்டி சந்தையைக் குறுக்கே கடந்து முடிக்கும்வரை வாயைத் திறந்தபடி நின்றான். இஞ்சிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "மூடுங்க தம்பி, ஈ போயிடும்" என்றார்.

"அப்படியானால் போணிக்கு வேறு ஆள் வேண்டும் அல்லவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மன்னர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தாண்டவராயர், பூசணிக்காயும் முருங்கைக்கட்டுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

வள்ளிக்கண்ணு அவசரமாக எழுந்து கும்பிட்டாள். "வாங்க சாமி. ஆனா போணின்னா காசு வேணும்."

மன்னர் இடுப்பைத் தடவினார். மார்பைத் தடவினார். மன்னர்கள் காசு வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. தாண்டவராயரைப் பார்த்தார், அவரிடம் இருந்ததெல்லாம் முருங்கைக்காய்க்குப் போயிருந்தது. பன்னிரண்டு லட்சம் செப்புக்காசுக்குச் சொந்தக்காரர் மணைமேல் கிடந்த ஒற்றைக் காசைப் பார்த்தார்.

"அம்பலத்தாடி, அந்தக் காசைக் கடனாகக் கொடும்."

"கடனாகவா?" என்றான் அம்பலத்தாடி. அவனுக்கு நாக்கு திரும்பிவிட்டது. "மன்னிக்க வேண்டும், பிரபு. எனக்கு இன்னும் போணி ஆகவில்லை."

மன்னர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முப்பத்தேழு கடைக்கும் கேட்கும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். "இது உமக்குப் போணி. போதுமா? இப்போது காசைக் கொடும்."

அம்பலத்தாடி காசைக் கொடுத்தான். மன்னர் அதை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மன்னருக்குப் பெரிய குவளை நிறைய மோர் ஊற்றினாள். பிறகு ஒரு சின்னக் குவளையை எடுத்து, சுக்கைத் தட்டிப் போட்டு, சூடு பறக்க வெந்நீர் ஊற்றி, முத்துமாலைக்காரரிடம் நீட்டினாள்.